கொல்லிமலை இறக்கத்துக்கு எந்த பிரேக் பேட்?

கேள்வி இதுதான். நாமக்கல்லில் இருக்கும் ஒருவரிடம் 2019 மாடல் பல்சர் 150 இருக்கிறது. இரண்டு சக்கரத்திலும் டிஸ்க், முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு). தினமும் ஊருக்குள் ஓட்டம், அவ்வப்போது மனைவியோடு கொல்லிமலை. போன தடவை இறங்கும்போது கடைசி வளைவுகளில் முன் பிரேக் லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே போய்விட்டது. கீழே வந்து கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்ததும் பழையபடி ஆகிவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "பேட் தேய்ஞ்சு போச்சுண்ணே, மாத்திரலாம்" என்றிருக்கிறார். கடையில் மூன்று டப்பாக்களைக் காட்டியிருக்கிறார்கள்: கம்பெனி பேட், அதில் பாதி விலைக்கு ஒரு லோக்கல் பேட், நாலு மடங்கு விலைக்கு எச்எச் என்று போட்ட சின்டர்ட் பேட். பிரேக் ஆயிலை வண்டி வாங்கியதிலிருந்து மாற்றியதில்லை, குறைந்தால் ஊற்றிக்கொள்வதுதான் வழக்கமாம். எந்த பேட்டை வாங்குவது, முன்னும் பின்னும் சேர்த்தே மாற்ற வேண்டுமா என்பது கேள்வி.

கம்பெனி பேட்டை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். மலையில் உங்களைக் கைவிட்டது பேட் இல்லை, ஆயில்தான் என்று நினைக்கிறேன். காரணம் நீங்கள் சொன்ன விவரத்திலேயே இருக்கிறது.

இறக்கத்தில் பிரேக் போவது இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, லீவர் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. அது பேட் சூடேறி வழுக்குவது. பேட்டில் இருக்கும் பொருட்களைச் சேர்த்துப் பிடிப்பது ஒரு வகை ரெசின். அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்த ரெசின் சிதைந்து வாயுவாக வெளியேறும். பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் அந்த வாயு புகுந்துகொண்டு பிடியைக் குறைத்துவிடும். இன்னொன்று, லீவரே பொதபொதவென்று ஆகி உள்ளே போய்விடும். அது காலிபருக்குள், அதாவது பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகத்துக்குள், இருக்கும் ஆயில் கொதிப்பது. கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழ்கள் இருக்கும். நீங்கள் லீவரை அழுத்தும்போது அந்தக் குமிழ்கள்தான் நசுங்கும், பேட்டைத் தள்ளும் பிஸ்டன் நகராது. ஆறியதும் குமிழ் மறைந்து லீவர் பழையபடி கெட்டியாகிவிடும். உங்களுக்கு நடந்தது அப்படியே இரண்டாவது ரகம்.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் சேரும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறிய அதே ஆயிலுக்கு அந்த அளவு 155 டிகிரிதான். 75 டிகிரி வித்தியாசம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். உங்கள் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் (லீவர் பக்கத்தில் ஆயில் இருக்கும் டப்பா) மூடியில் எந்த டாட் என்று எழுதியிருக்கும், அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்று தனியாக வருவது சிலிக்கான் ஆயில். எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை வாங்கிக் கலந்துவிடாதீர்கள். 5.1 வேறு, 5 வேறு.

கொல்லிமலை இறக்கம் பிரேக்கை என்ன பாடு படுத்துகிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி, நீங்கள், மனைவி, ஒரு பை எல்லாம் சேர்த்து 290 கிலோ. மலை மேலிருக்கும் சோளக்காட்டிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகளில் 900 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் இருக்கும் ஆற்றல் 25 லட்சம் ஜூலுக்கு மேல். அதே வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை முழுவதும் நிறுத்த 40,000 ஜூல் போதும். ஆக, அந்த மலையை இறங்குவது 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அறுபது தடவைக்கு மேல், நடுவில் ஆறவிடாமல், பிரேக் போட்டு நிறுத்துவதற்குச் சமம். இதில் எவ்வளவு எஞ்சின் தாங்குகிறது, எவ்வளவு அந்தச் சின்ன டிஸ்க் தாங்குகிறது என்பது நீங்கள் எந்த கியரில் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லாரிக்குப் பேர்போன ஊரில் இருக்கிறீர்கள், எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்வார்: ஏறின கியரிலேயே இறங்கு. பைக்குக்கும் அதுதான். இரண்டாவது கியரில் எஞ்சின் இரைச்சலோடு இறங்கட்டும், ஒன்றும் ஆகாது. கிளட்சைப் பிடித்துக்கொண்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை. பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்குவதையும் விட்டுவிடுங்கள். வளைவுக்கு முன்னால் கெட்டியாக ஒரு பிடி பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுவதும் விட்டுவிட்டால், அடுத்த வளைவு வரைக்கும் டிஸ்க் ஆறிக்கொள்ளும்.

சரி, பேட்டுக்கு வருவோம். கடையில் காட்டிய மூன்றில் கம்பெனி பேட் பெரும்பாலும் ஆர்கானிக் வகை. நார், உராய்வுப் பொடிகள், ரெசின் எல்லாம் கலந்து அழுத்திச் செய்தது. சில பேட்களில் உலோகப் பொடியும் கொஞ்சம் சேர்ந்திருக்கும், அதை செமி மெட்டாலிக் என்பார்கள். இந்த வகை குளிர்ந்த நிலையிலேயே மென்மையாகப் பிடிக்கும், டிஸ்க்கை அதிகம் தின்னாது, சத்தமும் குறைவு. மழையில் முதல் பிடி கொஞ்சம் தாமதமாக வரும், கடும் சூட்டில் தளரும், சீக்கிரம் தேயும். சின்டர்ட் என்பது செம்பு முதலான உலோகப் பொடிகளை அழுத்தி, சூளையில் உருகாமல் ஒட்டும் அளவுக்குச் சுட்டு எடுப்பது. ரெசின் இல்லாததால் சூட்டைத் தாங்கும், மழையில் உடனே பிடிக்கும், நீண்ட நாள் வரும். பதிலுக்கு டிஸ்க்கைக் கூடுதலாகத் தேய்க்கும். டிஸ்க் விலை பேட் விலையைப் போலப் பல மடங்கு என்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சின்டர்ட் பேட்டைப் பற்றிப் பேசும்போது பலரும் விட்டுவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. உலோகம் சூட்டை நன்றாகக் கடத்தும். ஆர்கானிக் பேட் ஓரளவு சூட்டைத் தடுத்து நிறுத்தும், சின்டர்ட் பேட் அதே சூட்டைப் பின்தகடு வழியாகப் பிஸ்டனுக்கும் அங்கிருந்து ஆயிலுக்கும் வேகமாக அனுப்பும். பழைய ஆயிலை அப்படியே வைத்துக்கொண்டு சின்டர்ட் பேட் போட்டு கொல்லிமலை இறங்கினால் லீவர் இன்னும் சீக்கிரமாகவே உள்ளே போக வாய்ப்பு உண்டு. நாலு மடங்கு பணம் கொடுத்து வாங்கிவிட்டு, "அதுவும் சரியில்லை" என்று சொல்பவர்களில் சிலருடைய கதை இதுதான்.

அந்த எச்எச் எழுத்துக்கு வருகிறேன். அது அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த ஒரு குறியீடு. உராய்வுக் கெழு (பிடி எவ்வளவு என்று காட்டும் எண்) 0.25 முதல் 0.35 வரை இருந்தால் இ, 0.45 வரை எஃப், 0.55 வரை ஜி, அதற்கு மேல் எச். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் கிடைக்கும் பிடி, இரண்டாவது எழுத்து கடும் சூட்டில் கிடைக்கும் பிடி. ஜிஎஃப் என்று இருந்தால் சூடேறும்போது பிடி ஒரு படி இறங்கும், எச்எச் என்றால் இறங்காது. பயனுள்ள குறிதான். ஆனால் அந்தச் சோதனையை உங்கள் வண்டி டிஸ்க்கில் வைத்துச் செய்வதில்லை. ஒரு அங்குலச் சதுரத் துண்டை வெட்டி, ஆய்வுக்கூட இயந்திரத்தில் சுழலும் டிரம்மில் அழுத்திப் பார்ப்பார்கள். பேட் எத்தனை நாள் வரும், டிஸ்க்கை எவ்வளவு தேய்க்கும், மழையில் எப்படி, லீவரில் கைக்கு எப்படி இருக்கும் என்பதையெல்லாம் அந்த இரண்டு எழுத்து சொல்லாது. ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: எழுத்து பேட்டின் பின்தகட்டில் அச்சாகி இருக்கிறதா, டப்பாவில் மட்டும் இருக்கிறதா? டப்பாவில் மட்டும் என்றால் அதற்கு மதிப்பில்லை.

சின்டர்ட் பேட்டுக்கு யோசிக்க உங்கள் வண்டியில் இன்னொரு காரணமும் இருக்கிறது. முன்சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ். முன்னால் பிடி கொஞ்சம் அதிகமானாலும் ஏபிஎஸ் சமாளித்துவிடும். பின்னால் அந்தக் காவல் கிடையாது. பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரம் லேசாகிவிடும், இறக்கத்தில் இன்னும் லேசாகும். அங்கே கூரான பிடியுள்ள பேட் போட்டால் காலை வைத்ததும் சக்கரம் லாக் ஆகி வண்டி இழுத்துக்கொண்டு போகும். அதனால் பிற்காலத்தில் சின்டர்ட் ஆசை வந்தாலும் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னால் கம்பெனி ஆர்கானிக் பேட்தான்.

பாதி விலை லோக்கல் பேட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் தெரிந்த, தகட்டில் தயாரிப்பாளர் பெயரும் பேட்ச் எண்ணும் போட்ட பேட் கம்பெனி டப்பாவில் வராமல் வேறு டப்பாவில் வந்தால் அதை வாங்கலாம், தப்பில்லை. வண்டிக் கம்பெனிகள் பேட்டைத் தாங்களே செய்வதில்லை, இதற்கென்றே இருக்கும் உதிரிபாகக் கம்பெனிகளிடம் வாங்கித் தங்கள் டப்பாவில் போட்டுத் தருகிறார்கள். அதே உதிரிபாகக் கம்பெனிகள் சொந்தப் பெயரிலும் கடைக்கு அனுப்புகின்றன. நான் வேண்டாம் என்று சொல்வது எந்த எழுத்தும் இல்லாத மொட்டை பேட்டை. அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பெரிய ஆபத்து, உராய்வுப் பொருள் தகட்டிலிருந்து மொத்தமாகப் பெயர்ந்து விழுவது. ஈரத்தில் தகடு துருப்பிடித்து, துரு உள்ளிருந்து தள்ளி, ஒருநாள் பிரேக் பிடிக்கும்போது துண்டாகக் கழன்றுவிடும். பழைய தகட்டில் லைனிங் ஒட்டித் தருகிறேன் என்பவர்களிடமும் போக வேண்டாம். டிரம் பிரேக் ஷூவுக்கு அது காலங்காலமாக நடக்கிறது, டிஸ்க் பேட்டின் சூடு வேறு.

கம்பெனி பேட்டிலும் டூப்ளிகேட் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. எம்ஆர்பி ஸ்டிக்கர், பாகத்தின் எண், எழுத்துகள் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எம்ஆர்பியில் பெரிய தள்ளுபடி தருகிறேன் என்றால் சந்தேகப்படுங்கள். பேட்டைக் கையில் எடுத்து விளிம்பை நகத்தால் அழுத்திச் சுரண்டிப் பாருங்கள், மண் மாதிரி உதிர்ந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். பழைய பேட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவது மிக நல்லது. ஒரே பெயரில் ஒற்றை டிஸ்க், இரட்டை டிஸ்க், ஏபிஎஸ் உள்ளது, இல்லாதது என்று பல வண்டிகள் வந்திருக்கின்றன, காலிபர் மாறினால் பேட் வடிவமும் மாறும். புதியதைப் பழையதன் மேல் வைத்தால் காது, துளை, தகட்டின் கனம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். "இதுவும் உட்காரும்ணே, லேசா ராவிக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னால் அது உங்கள் வண்டிப் பேட் இல்லை.

கழற்றிய பழைய பேட் இரண்டையும் தூக்கிப் போடும் முன் உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். வண்டியில் வேறு என்ன கோளாறு என்பதை அவை சொல்லிவிடும். இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் நல்லது. பிஸ்டன் பக்கத்துப் பேட் காகிதமாகவும் அடுத்தது புதிதாகவும் இருந்தால் காலிபர் நகரும் ஸ்லைடர் பின் துருப்பிடித்தோ கிரீஸ் காய்ந்தோ இறுகிவிட்டது என்று பொருள். ஒரு முனை தடித்து மறு முனை மெலிந்து ஆப்பு மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் அதே கதைதான். இதைச் சரிசெய்யாமல் எந்த பேட்டைப் போட்டாலும் அதே மாதிரிதான் தேயும். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தால் சூட்டில் இறுகியிருக்கிறது. கறுத்து எண்ணெய்ப் பசையாக இருந்தால் முன்பக்கம் ஃபோர்க் ஆயில் சீல் கசிகிறதா என்றும், பின்பக்கம் செயினுக்கு அடித்த ஸ்பிரே தெறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணெய் குடித்த பேட்டைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளில் தேய்த்துத் திரும்பப் போடுவது வேலைக்கு ஆகாது. சூடேறும்போது உள்ளே இருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வரும்.

உங்கள் பேட் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். உராய்வுப் பொருள் ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டாலோ, நடுவில் இருக்கும் பள்ளக் கோடு மறைந்துவிட்டாலோ மாற்றும் நேரம். லீவரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. டிரம் பிரேக்கில் லைனிங் தேயத் தேய மிதி கீழே இறங்கும், அந்தப் பழக்கத்தில் டிஸ்க்கையும் எடைபோடுகிறோம். டிஸ்க்கில் பேட் தேய்ந்த அளவுக்குப் பிஸ்டன் முன்னால் நகர்ந்து அங்கேயே நின்றுகொள்ளும், லீவர் மட்டம் மாறாது. பிஸ்டன் விட்ட இடத்தை நிரப்ப மாஸ்டர் சிலிண்டர் டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். அதனால்தான் ஆயில் குறைகிறது. கசிவு எதுவும் இல்லாமல் மட்டம் மெதுவாக இறங்கினால் முதலில் பேட்டைப் பார்க்க வேண்டும், ஆயிலை ஊற்றக் கூடாது. ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறீர்கள் என்பதால் ஒரு எச்சரிக்கை: புது பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்த ஆயில் எல்லாம் மேலே ஏறி டப்பா வழியும். பெட்ரோல் டேங்க் பெயிண்ட்டில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். மூடியைத் திறந்து, துணியைச் சுற்றி, கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டுத் தள்ளச் சொல்லுங்கள். பட்டுவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பிஸ்டனைத் தள்ளும் முன் அதன் வெளியே தெரியும் பகுதியைப் பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். இதைத்தான் அவசரத்தில் எல்லோரும் விடுகிறார்கள். அழுக்கோடு உள்ளே தள்ளினால் சீல் கிழியும் அல்லது பிஸ்டன் இறுகும். காற்று பிடித்து ஊதித் தூசி போக்குவதும் வேண்டாம். பழைய, பெயர் தெரியாத பேட்டில் கல்நார் இருந்திருக்கலாம், அது நுரையீரலுக்கு ஆகாது, ஈரத்துணியால் துடைப்பதே சரி. ஸ்லைடர் பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ். டிஸ்க்கின் மேல் குறைந்தபட்சக் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று அச்சடித்திருக்கும். தேயாத வெளி விளிம்பில் அளந்தால் தப்பான கணக்கு வரும், பேட் உரசும் இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன் லீவரைப் பலமுறை அடித்துக் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள். பிஸ்டன் பின்னால் போயிருப்பதால் முதல் சில அழுத்தத்துக்கு பிரேக்கே இருக்காது. கடை வாசலிலேயே முட்டிக்கொண்டவர்கள் உண்டு.

புது பேட்டோடு நேராக மலைக்குப் போகாதீர்கள். சனிக்கிழமை மாட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காரவள்ளி ஏறுவது மோசமான திட்டம். புது ஆர்கானிக் பேட் முதல் தடவை கடுமையாகச் சூடேறும்போதுதான் அதிகமாக வாயு விடும், பிடியும் குறையும். டிஸ்க்கின் மேல் பேட் பொருள் மெல்லிய படலமாகப் படிந்த பிறகுதான் முழுப் பிடி வரும். போக்குவரத்து இல்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரைக்கும் மிதமாக பிரேக் பிடித்து விடுங்கள். நடுவில் ஆறவிட்டு, ஒரு முப்பது தடவை இப்படிச் செய்யுங்கள். முழுவதும் நிறுத்திச் சூடான பேட்டை டிஸ்க்கில் அழுத்திக்கொண்டே நிற்காதீர்கள், அந்த இடத்தில் மட்டும் தடிப்பாகப் படிந்து பிறகு லீவர் துடிக்கும். அப்புறம் இரண்டு வாரம் ஊருக்குள் ஓட்டுங்கள். லேசாகக் கிரீச் சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அதற்குள் போய்விடும்.

இதெல்லாம் செய்து, புது ஆயிலோடு, சரியான கியரில் இறங்கியும் லீவர் கெட்டியாக இருந்துகொண்டே பிடி குறைகிறது என்றால் அப்போது முன்பக்கத்துக்கு சின்டர்ட் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. மழைக்காலத்தில் வாராவாரம் மலையேறுகிறவருக்கும், எப்போதும் இருவரும் சுமையுமாக ஓட்டுகிறவருக்கும் தயங்காமல் சொல்வேன். வகை மாற்றும்போது டிஸ்க்கின் மேல் இருக்கும் பழைய படலத்தை உப்புத்தாளால் சுற்றிலும் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும்.

முன்னும் பின்னும் சேர்த்து மாற்றத் தேவையில்லை. ஒரு டிஸ்க்கின் இரு பக்கத்துப் பேட்டையும் ஜோடியாக மாற்றினால் போதும். பின்பக்கப் பேட்டை இப்போதே கழற்றிக் கனத்தைப் பாருங்கள், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அடுத்த சர்வீஸ் வரை விட்டுவிடலாம். ஆனால் பின் பிரேக் ஆயிலையும் முன்பக்கத்தோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள், அதற்கும் அதே வயதுதான்.